தூண்டிலுக்கு மென்புழு வார்த்தல்

அவலாஞ்சியில் 1907-ஆம் ஆண்டு வில்ஸன் துரை டிரௌட் மீன்பண்ணை அமைத்தது முதல், நீலகிரி ஓடைகளிலே சேவலிறகாற் கட்டிய பொய்யீயைக் கொண்டு தூண்டிலிடுவது வழக்கம். அமெரிக்காவில் நிக் கிரீம் என்பவர் 1949-இல் செய்த மென்பிளாஸ்டிக் புழுவையும் பொழுதுபோக்காக வீட்டில் வார்த்துக்கொள்ளலாம்.

களிமண்ணாற் செய்த புழுவுருவைப் பிளாஸ்டர் ஆப் பாரிஸில் பதித்து அச்செடுக்க வேண்டியது. பிளாஸ்டிசால் என்னும் பால்போன்ற திரவத்தைக் கிளறிக்கொண்டே காய்ச்சினால் முதலில் இறுகி, சுமார் 175 டிகிரி சென்டிகிரேடில் தெளிந்து இளகும். அதுவே வார்க்கும் பதம். கருகவிட்டாலோ அமில ஆவி எழும். ஆகையால் சமையலறையிலும், சமையற் பாத்திரத்திலும் இதைச் செய்யலாகாது. காற்றோட்டமுள்ள கொட்டகையே தகும்.

வெலிங்டன் பக்கத்தில் அதனினும் பொல்லாதது ஈரம். மழைக்கால மூடுபனியில் அச்சு வெளியே உலர்ந்ததாகத் தோன்றினும் உள்ளே நீரை வைத்திருக்கும். காய்ச்சிய திரவம் பட்டவுடன் அந்நீர் ஆவியாகி, வார்ப்பை முகத்தில் தெறிக்கச் செய்யும். அச்சை அடுப்பருகே சில நாள் வைத்து, தினமும் நிறுத்துப் பார்க்க; எடை குறைவது நின்ற பின்னரே உபயோகிக்க. கண்ணாடியும் கையுறையும் அப்பொழுதும் அவசியமே.

அறுந்து விழுந்த புழு மக்குவதில்லை. மீன் விழுங்கினால் வயிற்றில் தங்கிவிடும். ஓடைக்கு இறகு ஈயே உசிதம். மென்புழு, நீரை வடிக்கக்கூடிய சொந்தக் குட்டையோடு நிற்கட்டும். அங்கே கிழிந்த துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தால் மறுபடியும் உருக்கி வார்க்கலாம்.