வாயில் இல்லாத தொழிற்சாலை

அம்பத்தூர் வட்டாரத்துப் பேருந்து நிறுத்தங்கள் சில ஊரின் பெயரையோ கோயிலின் பெயரையோ தாங்காமல் ஆலைகளின் பெயரைத் தாங்கி நிற்பவை. பாடிச் சந்திப்பு இன்றும் பலருக்கு 'லூகாஸ்'தான், டயர் செய்த ஆலை ஓய்ந்து ஆண்டுகள் பலவான பின்னும் 'டன்லப்' நிறுத்தம் டன்லப்பாகவே இருக்கிறது. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1961-இல் ஆவடியில் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை, அதே காலத்தில் பாடியில் எழுந்த வாகன உதிரிபாக ஆலைகள், 1964-இல் அரசு அமைத்த அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று பதினைந்தே ஆண்டுகளுக்குள் சென்னையின் மேற்குப்புறம் முழுவதும் ஆலைச் சங்கொலிக்குப் பழகிப்போனது. சோசலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு தீர்மானித்த இடமும் இதே ஆவடிதான். நிரந்தர வேலை என்பது இங்கு மாதச் சம்பளமாக மட்டுமல்லாமல், பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ், சங்கம் ஆகியவற்றோடு சேர்ந்த ஒரு சமூகத் தகுதியாகவே மதிக்கப்பட்டது. பெண் கொடுப்பவர்கள் முதலில் விசாரித்ததும் அதைத்தான்.

அந்தச் சாலைகளிலேயே இன்று உணவுப் பையை முதுகில் மாட்டிய இளைஞர்கள் விரைகிறார்கள். இசைக்குழுவினர் ஓரிரவுக் கச்சேரிக்கு வழங்கிவந்த 'கிக்' என்னும் ஆங்கிலக் கொச்சைச் சொல், கைப்பேசிச் செயலி ஒதுக்கும் வேலையை ஒவ்வொன்றாக முடித்து அதற்கு மட்டும் காசு பெறும் உழைப்பைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. 2020-21-இல் இந்தியாவில் இத்தகைய தொழிலாளர்கள் 77 லட்சம் பேர் என்றும், 2029-30-இல் இத்தொகை 2.35 கோடியாகும் என்றும் நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது.

ஆலை வேலையை விட்டுவிட்டு இளைஞர்கள் செயலிக்கு ஓடுகிறார்கள் என்று மூத்தவர்கள் குறைபட்டுக்கொள்வதில் ஒரு கணக்குப் பிழை உண்டு. நிரந்தர வேலைக்கும் செயலி வேலைக்கும் நடுவே ஒப்பந்தத் தொழிலாளர், அப்ரன்டிஸ், டிரெய்னி என்று ஒரு நீண்ட இடைக்காலம் கடந்திருக்கிறது. 2018-இல் எல்லாத் தொழில்களுக்கும் விரிவாக்கப்பட்ட 'குறித்த காலப் பணி', அதாவது முடிவு நாளை முன்கூட்டியே எழுதித் தரும் நியமனம், அந்த வரிசையில் பின்னால் வந்தது. படைத்தளவாட ஆலைகளையே எடுத்துக்கொண்டால், அரசுத் துறையாக இருந்த 41 ஆலைகள் 2021 அக்டோபரில் ஏழு நிறுவனங்களாக மாற்றப்பட்டன. கனரக வாகனத் தொழிற்சாலையும் அவ்வாறே ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனமொன்றின் பகுதியானது. ஆகவே ஐ.டி.ஐ. முடித்து வரும் இளைஞன் செயலியை எடைபோடுவது தந்தையின் நிரந்தர வேலையோடு அன்று; லேபர் கான்ட்ராக்டர் வழியாகக் கிடைக்கும் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டோடுதான். அந்த ஒப்பீட்டில், மேஸ்திரியின் ஏச்சு இல்லாததும் வேண்டிய நாளில் விடுப்பு எடுக்க முடிவதும் அற்பமான லாபங்கள் அல்ல.

ஆனால் மேஸ்திரி மறைந்துவிடவில்லை. ஆர்டரை யாருக்குக் கொடுப்பது என்பதையும், அதற்கு எவ்வளவு கொடுப்பது என்பதையும், எவருடைய 'ஐடி'யை, அதாவது செயலிக் கணக்கை, முடக்குவது என்பதையும் முடிவு செய்யும் கணினி நெறிமுறை, அதாவது செயலிக்குள் எழுதப்பட்ட விதித்தொகுப்பு, மேஸ்திரியின் இடத்தில் அமர்ந்திருக்கிறது. அதனோடு வாதாட வழியில்லை. குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆர்டர்களை முடித்தால்தான் 'இன்சென்டிவ்' எனப்படும் ஊக்கத்தொகை என்ற ஏற்பாட்டில், இருபதுக்குப் பத்தொன்பதை முடித்துவிட்டு இரவு பதினொன்றரைக்கு உணவகங்களின் வாசலில் கைப்பேசித் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு, அந்த ஒன்று வராவிட்டால் நாள் முழுவதற்குமான கூடுதல் தொகை போய்விடுகிறது. காத்திருக்கும் நேரத்துக்கு மதிப்பில்லை. பெட்ரோலும் வண்டித் தவணையும் கைப்பேசிக் கட்டணமும் அவர் பொறுப்பு. தொழிற்பேட்டையில் லேத் இயந்திரம் முதலாளியுடையது, பழுதானால் பார்ப்பதும் அவரே. இங்கு இயந்திரமாகிய வண்டியைக் கடனில் வாங்கிக் கொண்டுவருபவர் தொழிலாளி. இந்த ஒரு மாற்றத்தின் கனம் இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை.

காத்திருப்பும் வேலை நேரமா என்ற கேள்விக்கு லண்டனிலிருந்து ஒரு பதில் வந்தது. ஊபர் ஓட்டுநர்கள் தொடுத்த வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், அவர்கள் தனித்தொழில் செய்வோர் அல்லர், தொழிலாளர்களே என்றும், செயலியைத் திறந்துவைத்துப் பயணத்துக்குத் தயாராக இருக்கும் நேரமும் பணி நேரமே என்றும் தீர்ப்பளித்தது. இந்தியா வேறு வழியில் சென்றது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020, கிக் தொழிலாளியை மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே உழைப்பவர் என்று வரையறுத்துவிட்டு, செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காட்டை, அத்தொழிலாளர்களுக்குத் தரும் தொகையில் 5 விழுக்காட்டுக்கு மிகாமல், நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. நிதி கிடைக்கும், உறவு மட்டும் வாசலுக்கு வெளியிலேயே நிற்கும்.

தமிழ்நாடு அரசு, 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ், இவர்களுக்கென்று 2023 டிசம்பரில் தனி நலவாரியம் அமைத்தது. மின்சார ஸ்கூட்டர் வாங்க 2,000 பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியம் 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. அம்பத்தூருக்கு அடுத்த அண்ணா நகரில் மாநகராட்சி 2025-இல் திறந்த குளிரூட்டிய ஓய்வறை, கழிப்பறைக்குக்கூட உணவகங்களின் தயவை நாடியவர்களுக்குப் பெரிய உதவி. எனினும் நலவாரியம் என்பது விபத்துக்கும் இறப்புக்கும் பின் கைகொடுக்கும் அமைப்பு. ஐடி முடக்கப்பட்ட காலைப்பொழுதில் ஏன் என்று கேட்டுச் சொல்லும் அமைப்பு அன்று. கர்நாடகம் 2025-இல் இயற்றிய சட்டமோ, பணியிலிருந்து நீக்குவதற்கு 14 நாள் முன்னறிவிப்பும் எழுத்து வடிவில் காரணமும் தர வேண்டும் என்கிறது.

ஆலைக் காலத்தில் இத்தகைய கேள்வியைக் கேட்க ஓர் இடம் இருந்தது. ஷிஃப்ட் விடும் நேரத்தில் கேட் எதிரே நடக்கும் வாயிற்கூட்டத்தில், உள்ளே போகிறவரும் வெளியே வருகிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தொழிற்பேட்டையின் ஐ.டி. கட்டடங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவருபவர்கள் இன்று கூடுவது மர நிழலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும். அங்கும் பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் ஒருவருக்கு ஆர்டர் வந்துவிடுகிறது, அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார்.