ஏரிப் படகு கடலுக்குப் போனால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், டெஸ்டின் நகரை ஒட்டி 'க்ராப் ஐலண்ட்' என்ற நீரடி மணல்திட்டு இருக்கிறது. விடுமுறைக்கு வருபவர்கள் பான்டூன் படகில் அங்கே போய் இடுப்பளவு நீரில் நிற்பார்கள். சொந்தப் படகு உள்ளவர்கள்கூட, அதை இழுத்து வருவதா, வாடகைக்கு எடுப்பதா என்று யோசிப்பதுண்டு. காரணம், உப்பு.

பான்டூன் ஏரியில் பிறந்த படகு. 1952இல் மின்னசோட்டா விவசாயி ஆம்ப்ரோஸ் வீரஸ், இரும்புப் பீப்பாய்களை வரிசையாகப் பற்றவைத்து, மேலே மரத்தளம் போட்டார். இன்று பீப்பாய்களின் இடத்தில் அலுமினியக் குழாய்கள்.

அலுமினியத்தை அதன் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம் காக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அதிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்க, ஊசிமுனைக் குழிகள் விழுகின்றன. அலுமினியத்தில் துருப்பிடிக்காத எஃகு போல்ட் இருந்தால் இன்னும் மோசம்: இரண்டு உலோகம், நடுவே உப்புநீர். அதுவே ஒரு பேட்டரி! அதில் கரைவது அலுமினியம்.

தப்பிக்க வழி? இன்னும் எளிதில் கரையும் துத்தநாகக் கட்டியைக் குழாயில் பொருத்துவார்கள். அலுமினியத்துக்குப் பதில் அது கரையும். 1824இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடியில் பொருத்திய செப்புத் தகட்டைக் காக்கச் சொன்ன உத்தி இது. செம்பு கரைவது நின்றது. ஆனால் கரையும் செம்புக்கு அஞ்சி விலகியிருந்த கொட்டலசு என்னும் கடலுயிர்கள் கப்பலடியில் அப்பிக்கொண்டன.

ஏரியில் இதே வேலைக்குப் பொருத்தும் மக்னீசியக் கட்டி கடலில் வேகமாகத் தீர்ந்துவிடும் என்பதால், புறப்படும் முன்பே அதைத் துத்தநாகத்துக்கு மாற்றவேண்டும். திரும்பியதும் குழாய், எஞ்சின், டிரெய்லர் பிரேக் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். வாடகைப் படகென்றால், அந்த வேலை படகுக்காரருடையது.