பின்திரையும் முகமும்

ஒளிப்படத்தில் முகம் எவ்வாறு அமையும் என்று கருதுவோர் பலர். அம்முகத்துக்குப் பின்னால் யாது நிற்க வேண்டும் என்று கருதுவோர் மிகச் சிலரே. பட்டினத்துப் படக்கூடத்திலே இக்கவலையைத் தொழிலாளி ஏற்றுக்கொள்கிறான். ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளில் வீட்டு முன்னறையையோ லயத்துக் காம்பராவையோ சிறு படக்கூடமாக்க விழையும் இளைஞன் அதைத் தானே தீர்த்தல் வேண்டும்.

அவனுக்கு வழிகாட்டத்தக்க ஒருவர் மலைநாட்டு மண்ணிலேயே உறங்குகிறார். பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட யூலியா மார்கரெட் கமரோன் அம்மையாரே அவர். 1815இல் கல்கத்தாவிற் பிறந்த இவர், 1863ஆம் ஆண்டில், தமது 48ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கமராவைக் கொண்டு இக்கலையைத் தொடங்கினார். இங்கிலாந்தின் வைற் தீவில் அவர் குடியிருந்த வீட்டுக் கோழிக்கூடே படக்கூடமாயிற்று. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. அக்காலப் படக்கூடங்கள் தூணும் படிக்கட்டும் பூஞ்சோலையும் தீட்டிய திரைகளைப் பெருமையாக மாட்டியிருந்தன. அம்மையாரோ பெரும்பாலும் கரிய துணியொன்றையே பின்னால் தொங்கவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து ஒளி விழச் செய்தார். தெனிசன், டார்வின் முதலியோரின் முகங்கள் இன்றும் நம் மனத்தில் நிற்பதற்கு அந்த எளிய துணியும் ஒரு காரணம்.

அவருடைய கணவர் வேறு யாருமல்லர். 1833ஆம் ஆண்டுக் கோல்புறூக் - கமரோன் சீர்திருத்தங்களிற் பெயர் பொறிக்கப்பெற்ற சார்ள்ஸ் ஹே கமரோனே. இக்குடும்பத்துக்கு மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இலங்கைக்கு வந்த அம்மையார், களுத்துறையில் ஏழை மக்கள் சிலரைப் படமெடுத்தார். 1879இல் டிக்கோயாவிற் காலமானார். தெனிசன் படத்தில் தெனிசன் பெயர் உண்டு. களுத்துறைப் படத்தில் நிற்போர் 'உழவர்' என்னும் பொதுப்பெயரோடு நின்றுவிட்டனர். இவ்வேறுபாடு மனத்தை உறுத்தாமற் போகாது.

இனித் தொழிலுக்கு வருவோம். பழைய லயத்துக் காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி, சன்னலும் சிறிது. இது குறையன்று. ஒளி வரும் வழி சிறிதாயின் தொலைவு இரட்டிக்கும்போது ஒளி ஏறக்குறைய நாலிலொன்றாகக் குறைந்துவிடும். சன்னலுக்கு 3 அடி தள்ளி அமர்ந்தவரின் முகம் பெறும் ஒளியில், 6 அடிக்கு அப்பால் தொங்கும் துணிக்குக் கிடைப்பது கால்பங்கே. ஆகவே ஒரே வெள்ளை வேட்டியைச் சன்னலை அண்டி மாட்டினால் வெண்மையாகவும், தள்ளி மாட்டினால் சாம்பல் நிறமாகவும் பெறலாம். மூன்று திரைகள் வாங்கப் பணமில்லையே என வருந்துவோன் துணியை நகர்த்திப் பார்க்கட்டும். முகத்துக்கும் துணிக்கும் இடையே நாலடியேனும் விட்டால் துணியின் சுருக்கமும் கண்ணுக்குப் புலப்படாது. ஆளின் நிழலும் அதன்மேல் விழாது.

கரிய பின்புலம் வேண்டுமாயின் மலைநாட்டார் மழைக்குப் போர்த்த கம்பளியே சாலும். கம்பளி மயிர் ஒளியை விழுங்கும், மினுங்காது. பளபளக்கும் பட்டுத்துணியும் நெகிழித்தாளும் இதற்கு ஆகா. சுவரையே பின்புலமாக்குவோர் அதன் நிறத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பச்சைச் சுவரை ஒட்டி அமர்ந்தவரின் கன்னத்திலும் பச்சை ஏறும்.

கமராவின் இயல்பு ஒன்றையும் அறிதல் நன்று. இன்றைய கைத்தொலைபேசிக் கமராவும், தானே ஒளியளக்கும்போது, தன்முன் உள்ள காட்சியை நடுத்தரச் சாம்பலாகக் கருத முயல்கிறது. பின்னால் வெள்ளை மிகுந்தால் முகம் இருண்டுபோகும். கருமை மிகுந்தால் வெளிறிப்போகும். மாநிறத்தாரும் கருநிறத்தாரும் மிகுந்த நம்மவர்க்கு வெள்ளைத் திரை பல வேளைகளில் தீங்கிழைப்பது இதனாலேயே. குற்றம் நிறத்தில் இல்லை, அளவையில் இருக்கிறது. நடுத்தரச் சாம்பல் துணியே இருவகைக் கேடும் தவிர்ப்பது.

வெளியே எடுப்போர் மூடுபனிக்கு அஞ்ச வேண்டுவதில்லை. 6,000 அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவில் பனிமூட்டம் ஒளியைப் பரப்பி நிழலை மென்மையாக்குகிறது. வானம் மாத்திரம் தலைக்குப் பின்னால் வராதிருத்தல் வேண்டும். மேலேறும் தேயிலைச் சரிவு பின்னால் அமையுமாறு ஆளை நிறுத்தினால், கரும்பச்சைத் தளிர்ப்பரப்பு முகத்தைத் தாங்கி நிற்கும்.

எனினும் எல்லாப் படத்துக்கும் வெறுந்துணி பொருந்துமா? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இல் ஏற்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியராக வகுத்தது. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிய முடிவு 1974வரை தள்ளிப்போயிற்று. தலைமன்னார் வழியாக இராமேசுவரத்துக்குச் சென்றவர் பலர். கடவுச்சீட்டு வெற்றுப் பின்புலத்தையே வேண்டும். அதில் முகம் இருக்கும், வாழ்ந்த இடம் இருக்காது. பட்டினத்துக் கூடத்து வரைதிரையிலோ யாருக்கும் உரித்தல்லாத மாளிகை இருக்கும். பிரிந்துபோன அண்ணனையோ தாய்மாமனையோ பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் முதியோருக்கு இவ்விரண்டும் அரைகுறைத் துணையே.

ஆதலால் அலுவலகத்துக்குரிய படத்துக்கு விதித்த பின்புலத்தையே கொள்க. தனி முகத்துக்குச் சாம்பல் துணியோ கம்பளியோ போதும். குடும்பப் படமாயின் இஸ்தோப்பிலேயே அனைவரையும் நிறுத்தலாம். காம்பராவின் கதவும், சுவரிற் சாய்த்த கொழுந்துக் கூடையும் பின்னால் தெரியட்டும். கொடியில் உலரும் துணியை மட்டும் விலக்கினாற் போதும். வெட்கப்பட்டு வீட்டுக்காரர் கூடையை ஒளிக்க முற்பட்டால், படமெடுப்பவன் பணிவாகத் தடுக்கலாம். அச்சிட்ட தாளின் பின்புறத்தில், மென்மையான பென்சிலால், நிற்போர் பெயரும் தோட்டத்தின் பெயரும் பிரிவும் ஆண்டும் எழுதிக் கொடுப்பதும் அவன் தொழிலைச் சேர்ந்ததே.