முழங்காலும் வாசிக்கும் கிட்டார்

நல்ல பாட்டென்றால் கண்ணை மூடிக் கேட்பது நம் வழக்கம். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பெடல் ஸ்டீல் கிட்டார் கச்சேரிக்குப் போனால் அப்படிச் செய்யாதீர்கள். பார்க்க வேண்டியதெல்லாம் வாத்தியத்துக்குக் கீழே!

நான்கு கால் மேஜை போன்ற வாத்தியம். பெரும்பாலும் பத்துத் தந்திகள். இடது கையில் எஃகு உருளை. இடது பாதம் பெடல்களை மிதிக்கும்; முழங்கால்கள் பக்கவாட்டில் நெம்புகோல்களைத் தள்ளும். மிதித்ததும் கம்பியும் கிராங்க்கும் வழியாகத் தந்தி இழுபடுகிறது. பழைய சிக்னல் கேபினில் லீவரை இழுத்தால் தூரத்தில் பாயிண்ட் நகருமே, அதே வித்தைதான். (எனக்கு இதைப் பார்த்தாலே டிக்கெட் காசு தீர்ந்துவிடும்.)

வீணையில் தந்தியை விரலால் இழுத்துக் கமகம் பிடிக்கிறோம். இங்கே ச, க, ப மூன்றும் சேர்ந்து ஒலிக்கையில் இரண்டு பெடல்களை மிதித்தால், க ம-வுக்கும் ப த-வுக்கும் வழுக்கி ஏறும், ச அசையாது. உருளையும் நகராது! 1954-இல் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாட்டில் பட் ஐசக்ஸ் இந்த ஏற்றத்தைக் கேட்கச் செய்தார். பிறகு பலரும் பெடல் பொருத்தத் தொடங்கினர்.

வலது பாதத்தையும் கவனியுங்கள். ஒலியைக் கூட்டும் பெடல் அதன் கீழே. கற்றுக்குட்டி அதைத் தையல் மெஷின் போல மிதிப்பார். தேர்ந்தவரோ, நாதம் தேயத் தேய மெல்ல அழுத்துவார். ஒரே மீட்டில் ஸ்வரம் நீண்டு நிற்கும்.