கண் இழந்த ஓவியர்! படம் எடுத்த சீடர்!

கண் தெரியாதவர் ஓவியம் படைக்க முடியுமா?

முடியும் என்று காட்டியவர் பினோத் பிகாரி முகர்ஜி. அதைச் சினிமாவாக எடுத்து ஊருக்குச் சொன்னவர், டைரக்டர் சத்யஜித் ரே. இருவரும் வங்காளிகள். குருவும் சீடரும்!

கூரையில் ஒரு கிராமம்

1940-ம் ஆண்டு, ரே சாந்திநிகேதனுக்குப் போனார். அங்கே தாகூர் நிறுவிய ஓவியப் பள்ளி இருக்கிறது. பெயர் கலாபவனம். தாயார் சொன்னதற்காகத்தான் போனார். கல்கத்தா பட்டணத்துப் பிள்ளை அல்லவா? கிராமத்தில் மனம் ஒட்டவில்லை.

மாணவர் விடுதியில் அண்ணாந்து பார்த்தார். கூரையின் உட்புறம் முழுவதும் ஓவியம்! நடுவிலே குளம். சுற்றிலும் மரங்கள், மாடுகள், ஜனங்கள். புராணக் கதை இல்லை. ராஜா, ராணி இல்லை. அக்கம்பக்கத்துக் கிராமமே மேலே ஏறிக்கொண்டது போல் இருந்தது.

தீட்டியவர் பினோத் பிகாரி. அங்கே ஆசிரியர். பிறந்தது முதலே அவருக்கு ஒரு கண் தெரியாது. மற்றக் கண்ணும் மங்கல்!

அந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டே 1947-ல் ஹிந்தி பவனத்தின் சுவர்களில் பக்தர்களின் வரலாற்றைத் தீட்டினார். ராமானுஜர், கபீர், சூர்தாஸ், துளசிதாஸ் எல்லோரும் அதில் வருகிறார்கள். (சூர்தாஸும் கண் இல்லாதவர் என்பார்கள்.) சுண்ணாம்புப் பூச்சின் ஈரம் காய்வதற்குள் வர்ணம் தீட்டவேண்டும். தப்பினால் பூச்சையே பெயர்க்க வேண்டும். அவரோ முன்கூட்டிக் கோடு போட்டுக்கொள்ளாமலே தீட்டினார்!

பிறகு கண்ணில் ஆபரேஷன் நடந்தது. பலிக்கவில்லை. இருந்த பார்வையும் போயிற்று. அப்போது அவருக்கு வயது 50-க்கு மேல்.

சும்மா இருக்காத ரே

இதற்குள் ரே படிப்பைப் பாதியில் விட்டு, விளம்பரக் கம்பெனியில் ஓவியராகச் சேர்ந்திருந்தார். புத்தகங்களுக்கு அட்டைப் படமும் போட்டார். 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் போட்டபோதுதான் அந்தக் கதை அவர் மனத்தில் புகுந்தது. 1955-ல் அதுவே சினிமாவாகி உலகப் புகழ் பெற்றது.

நல்லது ஒன்றைக் கண்டால் நாலு பேருக்குக் காட்டாமல் இருக்க அவரால் முடியாது. 1947-லேயே நண்பர்களோடு கல்கத்தாவில் சினிமா சங்கம் தொடங்கி, வெளிநாட்டு நல்ல படங்களைப் போட்டுக் காட்டியவர் அவர்.

ஓவியம் தெரிந்தவர்கள் பினோத் பிகாரியை அறிவார்கள். மற்றவர்கள் அறியவில்லை. ரே காமிராவைத் தூக்கிக்கொண்டு குருவிடம் போனார்.

விரலே கண்

குரு சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. காகிதத்தை மடித்துக் கத்தரித்து உருவங்கள் செய்தார். விரலால் தடவிப் பார்த்துச் சரி செய்தார். மாணவர்களின் துணையோடு, கலாபவனச் சுவரில் பீங்கான் ஓடுகளைக் கொண்டு பெரிய சித்திரம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார்.

கறுப்புக் கண்ணாடி அணிந்த முகம். ஓயாத விரல்கள். இவற்றையே காமிரா நிதானமாகக் காட்டுகிறது. "ஐயோ பாவம்" என்ற பேச்சே படத்தில் இல்லை. அதுதான் அதன் சிறப்பு.

1972-ல் வந்த அந்தப் படத்தின் பெயர் 'தி இன்னர் ஐ'. அகக்கண் என்று பொருள். ஓடும் நேரம் சுமார் 20 நிமிஷம். தேசிய விருதும் பெற்றது.

1980-ல் காலமான குருவால் அந்தப் படத்தைப் பார்க்க முடியாது. ஆனால், படத்துக்கு விளக்கம் சொல்லும் குரல் ரேயின் குரல். அதைக் கேட்கலாமே!