கள்ளியும் நாகதாளியும்: உண்ணத் தகுவதும் தகாததும்

கள்ளி என்னும் ஒரு சொல், தம்முள் உறவில்லாத இரு தாவரக் குடும்பங்களுக்குத் தமிழில் வழங்கி வருகின்றது. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி முதலியன யூபோபியாக் குடும்பத்தன. நாகதாளி எனவும் சப்பாத்துக்கள்ளி எனவும் கூறப்படுவதோ கக்டசுக் குடும்பத்தது. முன்னையவற்றின் பால் கண்ணொளியைக் கெடுக்கும். வாயையும் வயிற்றையும் புண்ணாக்கும். பின்னையதன் கனியையும் இளந்தண்டையும் மெக்சிக்கோ நாட்டார் சந்தையில் விலைகொடுத்து வாங்கி உண்பர். கள்ளி உண்ணத்தக்கது என்று கேள்வியுற்ற ஒருவர் எக்கள்ளி என வினவாது விடின், நேரும் கேடு சிறிதன்று.

சங்க நூல்களிற் பாலை நிலத்துக்கும் புறங்காட்டுக்கும் உரியதாகக் கூறப்படும் கள்ளி, யூபோபியாவேயன்றிப் பிறிதன்று. கக்டசுக் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. கொலம்பசு 1492 ஆம் ஆண்டில் அத்திசை சென்ற பின்னரே நாகதாளி கீழ்நாடுகளுக்கு வந்தது. சப்பாத்து என்பது போர்த்துக்கேயர் தந்த சொல். தட்டையான தண்டு சப்பாத்தின் அடித்தோலை ஒத்திருத்தலால் அப்பெயர் எய்தியது போலும். இவ்விதிக்கு ஒரு விலக்குண்டு. இரிப்சாலிசு என்னும் பேரினத்தைச் சேர்ந்த ஓரினம் ஆபிரிக்காவிலும் மடகாசுக்கரிலும் இலங்கையிலும் இயற்கையாகவே மரக்கிளைகளிற் தொற்றி வளர்கின்றது. முள்ளின்றி நூல்போற் தொங்கும் அதனைக் கக்டசு எனக் காண்போர் எளிதில் நம்பார்.

இரண்டையும் பிரித்தறியும் வழி யாது? முள் உண்மையோ, தண்டின் பசுமையோ, சதைப்பற்றோ சான்றாகா. வறண்ட நிலத்தில் நீரைச் சேமிக்க வேண்டிய தேவை, வேறு வேறு குடும்பங்களுக்கு ஒரே உருவை அளித்துவிட்டது. முள் தோன்றும் இடத்தை நோக்குதல் வேண்டும். கக்டசில் முட்கள் பஞ்சு மெத்தை போன்ற ஒரு சிறு திட்டிலிருந்து கொத்தாக எழும். பூவும் புதுத்தண்டும் அத்திட்டிலிருந்தே பிறக்கும். சதுரக்கள்ளியில் அத்தகைய திட்டில்லை. தண்டின் விளிம்பில் முட்கள் இரண்டிரண்டாக நிற்கும். நாகதாளியின் பூ பெரிது, மஞ்சள் நிறத்தது, இதழும் மகரந்தமும் பலவுடையது. யூபோபியாவின் பூவோ கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிது. தண்டைச் சிறிது கீறியவழி வெண்பால் சொரியுமாயின் அதனைத் தொடாது விடுதலே தக்கது. உருண்டைக் கக்டசுகள் சிலவற்றிலும் பாலுண்டு. எனினும் அவற்றை இழப்பதால் எவரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. பால் கண்ணிற் பட்டால் மிகுந்த நீரால் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும்.

பாலில்லாதன எல்லாம் உணவாகும் என்று கொள்வதும் பிழை. மெக்சிக்கோவின் வடபகுதியிலும் தெக்சாசிலும் வளரும் பெயோற்று என்னும் முள்ளற்ற சிறு கக்டசு, மெசுக்கலின் என்னும் நஞ்சால் மதியை மயக்குவது. பாலைவனத்தில் தாகமுற்றோன் பீப்பாய் போன்ற கக்டசை வெட்டி நீர் பருகினான் என்னும் கதை மிகப் பரவியது. அவ்வினங்களிற் பெரும்பாலனவற்றின் சாறு குமட்டலும் வயிற்றோட்டமும் உண்டாக்கி, உள்ள நீரையும் போக்கிவிடும்.

ஆகவே உணவுக்கு உறுதியாக நம்பத்தக்கது ஒப்பன்சியாப் பேரினம், அதாவது நாகதாளி இனமே. மெக்சிக்கோவின் கொடியில், நாகதாளிமேல் கழுகு அமர்ந்திருக்கும் காட்சி பொறிக்கப்பட்டுள்ளது. 1325 ஆம் ஆண்டில் தெனொச்சித்திலான் நகரை நிறுவிய வரலாற்றோடு அது தொடர்புடையது. கப்பலுடைந்து 1528 முதல் 1536 வரை அந்நிலங்களில் அலைந்த கபேசா தெ வாக்கா என்னும் இசுப்பானியர், அங்குள்ள குடிகள் இக்கனிக் காலத்தில் இதையே பெரிதும் உண்டு வாழ்ந்ததையும், கனியைப் பிளந்து அத்திப்பழம்போல உலர்த்தியதையும் எழுதிவைத்தார். சிசிலித் தீவினர் முதற் பூக்களை மே, யூன் மாதங்களிற் கிள்ளியெறிவர். செடி மறுபடி பூத்து இலையுதிர்காலத்திற் பெருங்கனி தரும். உழவரின் நுண்ணறிவுக்கு இது நல்ல சான்று.

கனியை உண்போருக்கு இடர் செய்வது பெருமுள்ளன்று, சுணையே. மயிரிலும் நுண்ணிய சுணைமுட்கள் திட்டுத்தோறும் நூற்றுக்கணக்கில் நிற்கும். தொட்ட அளவிலே கழன்று தோலில் ஏறும். நாவிலும் தொண்டையிலும் தைத்தால் துன்பம் பெரிது. ஆதலிற் கனியை வெறுங்கையாற் பறித்தல் ஆகாது. குறட்டாலோ தடித்த கையுறையாலோ பறித்து, தணலிற் புரட்டிச் சுணையைச் சுட்டபின், இரு முனையையும் அரிந்து, தோலை நெடுகக் கீறிச் சுருட்டி அகற்றிச் சதையை மட்டும் எடுத்தல் வேண்டும். கையிற் தைத்ததைத் தேய்த்தலாகாது. சாவணத்தால் எடுத்து, எஞ்சியதன்மேற் பசைதடவி உலர்ந்தபின் உரித்தெடுக்கலாம்.

காய்கறியாக வேண்டின், அவ்வாண்டில் தளிர்த்த இளந்தண்டையே கொள்வர். திட்டுக்களைக் கத்தியாற் சீவி, கழுவி, அரிந்து வேகவைப்பர், வெண்டிக்காய்போல வழுவழுப்புண்டு. காலையில் வெட்டிய தண்டு புளிக்கும். மாலையில் வெட்டியது அவ்வளவு புளிப்பதில்லை. நாகதாளி பகலில் இலைவாயை மூடி, இரவிலே திறந்து காபனீரொட்சைட்டை ஏற்று மலிக்கமிலமாகச் சேமிக்கின்றது; பகலொளியில் அவ்வமிலம் செலவாகிவிடும். நாவினாலேயே அறியத்தக்க தாவரவியற் பாடம் இது.

கனியின் விதை மிக வன்மையானது. அளவின்றி விழுங்கின் மலக்குடலை அடைத்துவிடும். செங்கனி உண்டபின் சிறுநீர் சிவப்பதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அது கனியின் நிறமே. தண்டில் கல்சியம் ஒட்சலேற்று மிகுதியாதலின் சிறுநீர்க்கல் உடையோர் விலக்குதல் நன்று.

ஒன்றை மற்றொன்றாகக் கொண்ட பிழை அரசாண்டோரையும் விட்டதில்லை. சிவப்புச் சாயம் தரும் பூச்சியென நம்பி, 1795 ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சி இந்தியாவுக்குக் கொணரப்பட்டது. வந்ததோ வேறினம். அது தந்த சாயம் தரங்குறைந்தது. ஆனால் அங்கு வளர்த்திருந்த நாகதாளியினம் ஒன்றைத் தின்றழித்தது. அதைக் கண்டு, 1865 அளவில் இலங்கையில் அவ்வினம் களையாகப் பெருகியபோது அப்பூச்சியையே இங்கு கொணர்ந்து விட்டனர். பின்னர் 1926 ஆம் ஆண்டில், இலங்கையிலிருந்து மற்றொரு பூச்சி இந்தியா சென்று, கரையோர நாகதாளியைக் குறைத்தது. இன்றும் தண்டின்மேல் வெண்பஞ்சு ஒட்டியதுபோற் காணப்படின் அது அப்பூச்சிக் கூட்டமே. நசுக்கின் விரல் சிவக்கும். அத்தண்டை உணவுக்குக் கொள்வதில்லை.

இக்காலத்து இலங்கைச் சந்தைகளில் விற்கப்படும் திராகன் பழமும் கக்டசின் கனியே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இரவில் மலரும் அக்கொடியின் கனியில் சுணையில்லை. நாகதாளிக் கனியின் ஊதாச் சாற்றை முதன்முறை சுவைக்க விரும்புவோர், திராகன் பழத்தை உண்டு பழகிய துணிவோடு தோலை நேரே கடித்துவிடாதிருப்பாராக.