விழுந்தீர்களா என்று கேட்டால் போதுமா?

பனிக்காலம் தொடங்கினால் கனடாவில் நம்மவர் வீடுகளில் அடிக்கடி கேட்பது, "வெளியில போகவேண்டாம் அம்மா, விழுந்திடுவீங்கள்" என்ற எச்சரிக்கைதான். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் மாதக்கணக்கில் கதிரையிலேயே இருப்பவருக்குக் கால் தசை பலவீனமடைகிறது, சமநிலை குறைகிறது, பயம் கூடுகிறது. விழுந்துவிடுவோம் என்ற அந்தப் பயமே விழுவதற்கு ஒரு காரணமாகிவிடுகிறது.

ஆகவேதான் முதியோரின் உடல் சமநிலையோடு அதில் அவர்களுக்கு உள்ள நம்பிக்கையையும் அளக்கிறார்கள். இதற்கென ஒன்ராறியோவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் உருவான வினாக்கொத்து ஒன்று 1995இல் வெளியானது. அதில் 16 கேள்விகள் உள்ளன. வீட்டுக்குள் நடப்பது, படி ஏறி இறங்குவது, குனிந்து செருப்பை எடுப்பது, நிலம் கூட்டுவது, காரில் ஏறி இறங்குவது, பனி உறைந்த நடைபாதையில் நடப்பது போன்றவற்றைத் தடுமாறாமல் செய்வதில் எவ்வளவு நம்பிக்கை என்று 0 முதல் 100 வரை புள்ளி சொல்லவேண்டும். இப்போது செய்யாத வேலையென்றால், செய்யவேண்டி வந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிச் சொல்லலாம். சராசரி 67க்குக் கீழே போனால் விழும் ஆபத்து கூடுதலாக இருக்கலாம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள்.

இதோடு ஒரு நடைச் சோதனையும் உண்டு. கதிரையிலிருந்து எழுந்து, 3 மீற்றர் நடந்து, திரும்பி வந்து அமரவேண்டும். 12 செக்கன் அல்லது அதற்கு மேல் எடுத்தால் விழும் ஆபத்து இருக்கலாம்.

இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும். நடை நன்றாக இருந்தும் நம்பிக்கை குறைந்தவருக்குத் தேவை பயிற்சியும் துணையும். வீட்டில் பூட்டி வைப்பதல்ல. நடை தளர்ந்தும் "எனக்கென்ன, நான் நல்லா நடப்பன்" என்பவருக்கு ஆபத்து வேறு விதமானது. கதிரையில் ஏறி மேல்தட்டில் சாமான் எடுக்கப் போகிறவர் அவர்தான்.

இங்கே பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வைத்தியரிடம் மொழிபெயர்க்கப் போகும்போது பெற்றோருக்காக நாமே பதில் சொல்லிவிடுகிறோம். நம்பிக்கை அவர்களுடையது, புள்ளியும் அவர்கள் வாயிலிருந்தே வரவேண்டும். பிள்ளைக்குச் சுமையாகிவிடுவோம் என்று விழுந்ததை மறைக்கும் பெற்றோரும் நம்மிடையே இருக்கிறார்கள். "விழுந்தீங்களோ?" என்று கேட்டால் "இல்லை" என்பவர், "எந்த இடத்தில நடக்கப் பயமாயிருக்கு?" என்று கேட்டால் குளியலறையையோ நிலக்கீழ் அறைப் படியையோ சொல்லக்கூடும்.

பதில் கிடைத்தால் வேலையும் தெரிந்துவிடும். குளியலறையில் பிடிகம்பி, படியில் நல்ல வெளிச்சம், வழுக்கும் கால்மிதியை அகற்றுவது ஆகியவற்றை நாமே செய்யலாம். தலைசுற்றலோ தூக்கமோ தரும் மருந்துகளைப் பற்றிக் குடும்ப வைத்தியரிடம் கேட்கவேண்டும்; கண்ணையும் பரிசோதிக்கவேண்டும். கால் பலத்துக்கும் சமநிலைக்குமான பயிற்சியை உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் சொல்லித் தருவார். அடுத்த சந்திப்புக்குப் போகுமுன் அந்தக் கேள்வியை வீட்டில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.